நாற்பது ஸ்விட்ச், இரண்டு பேர்: நெட்வொர்க் ஆட்டோமேஷனை எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு தலைமை அலுவலகம், இரண்டு கிளைகள். சுமார் நாற்பது ஸ்விட்ச் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி), மூன்று ஃபயர்வால், அறுபது வயர்லெஸ் ஆக்சஸ் பாயின்ட். பார்த்துக்கொள்ள இரண்டே பேர். இதுவரை எல்லாமே ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் போய்க் கையால் செய்ததுதான். இப்போது நிர்வாகம் பாதுகாப்பைப் பலப்படுத்தச் சொல்கிறது, வேலையை ஆட்டோமேட் செய்யவும் சொல்கிறது. ஆன்சிபிள் (பல சாதனங்களில் மாற்றங்களைத் தானாகச் செய்யும் கருவி) கற்பதா, பைதான் நிரல்மொழி கற்பதா, இல்லை சாதனங்களை ஓரிடத்திலிருந்து ஆளும் ஒரு கன்ட்ரோலரை வாங்கிப் போட்டுவிடுவதா என்கிறீர்கள்.

கருவிக்குக் கடைசியில் வருகிறேன். ஆட்டோமேஷன் என்றதும் ஒரே கட்டளையில் நாற்பது ஸ்விட்சையும் மாற்றிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் மனதில் வருகிறது. சரியான மாற்றம் போகிற அதே வேகத்தில் தவறான மாற்றமும் நாற்பது இடத்துக்கும் போகும். எது சரி என்று ஓரிடத்தில் எழுதி வைத்திராத நெட்வொர்க்கில் அது ஸ்கிரிப்டுக்கும் (தானாக ஓடும் சிறு நிரல்) தெரியாது, ஸ்கிரிப்டை எழுதுகிறவருக்கும் முழுதாகத் தெரியாது. அதனால் முதல் சில மாதங்களுக்கு உங்கள் ஆட்டோமேஷன் எதையும் மாற்ற வேண்டாம். படிக்க மட்டும் செய்யட்டும். பாதுகாப்பு வேலையும் அங்கேதான் தொடங்குகிறது. இந்த போர்ட் (கேபிள் செருகும் இடம்) ஏன் திறந்திருக்கிறது, இந்தச் சாதனம் யாருடையது, இந்த விதியை யார் கேட்டார்கள் என்ற கேள்விகளுக்கு விடை சேர்ப்பதுதான் இரண்டுக்கும் பொதுவான வேலை. எனவே இவற்றை இரண்டு திட்டமாக நிர்வாகத்திடம் கொண்டுபோகாதீர்கள்.

சிஐஎஸ் அமைப்பு வெளியிடும் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் மொத்தம் 18 இருக்கின்றன. அதில் முதலாவது, உங்களிடம் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்ற பட்டியல். இரண்டாவது, மென்பொருள் பட்டியல். வைரஸ் தடுப்பு பத்தாவதாகத்தான் வருகிறது. பார்க்கச் சலிப்பான வேலை என்பதால் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இது.

பட்டியல் எடுக்கப் பெரிய ஸ்கேனர் எதுவும் வேண்டாம். எந்த போர்ட்டுக்குப் பின்னால் எந்த மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்) இருக்கிறது என்பதை ஸ்விட்சே சொல்லும். அந்த மேக் முகவரிக்கு எந்த ஐபி என்பது ரூட்டரின் ஏஆர்பி அட்டவணையில் இருக்கும். பெயர், ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரில் கிடைக்கும். எந்த ஸ்விட்ச் எந்த ஸ்விட்சோடு இணைந்திருக்கிறது என்பதை, சாதனங்கள் பக்கத்துச் சாதனத்துக்குத் தங்களை அறிவிக்கும் எல்எல்டிபி நெறிமுறை காட்டும். இந்த நான்கையும் இழுத்து ஓர் அட்டவணையாக்குகிற சின்ன ஸ்கிரிப்ட்தான் நீங்கள் எழுத வேண்டிய முதல் ஸ்கிரிப்ட். முதல் தடவை ஓட்டும்போதே விஷயங்கள் வெளியே வரும். ஒரு சாதாரண போர்ட்டில் ஏழெட்டு மேக் முகவரி தெரிகிறது, எல்எல்டிபியில் பக்கத்துச் சாதனம் எதுவும் தெரியவில்லை என்றால், அங்கே மெய்நிகர் இயந்திரங்கள் ஓடும் கணினி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ மேசைக்கடியில் ஒரு சின்ன ஸ்விட்சைச் செருகி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இந்தப் பட்டியலை எங்கே வைப்பது? எக்செல்லில் தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு பேர் ஆளுக்கொரு பிரதியைத் திருத்தத் தொடங்கினால் எது கடைசிப் பிரதி என்ற குழப்பம் வந்துவிடும். நெட்பாக்ஸ் என்ற மென்பொருள் இதற்காகவே எழுதப்பட்டது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்துக்குள் உருவாகி, 2016இல் திறந்த மூல மென்பொருளாக வெளியானது. ஐபி முகவரிகள், ரேக்குகள், கேபிள்கள், விலான்கள் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) எல்லாவற்றையும் அதில் பதியலாம், ஸ்கிரிப்டிலிருந்து கேட்டு வாங்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். நெட்வொர்க்கிலிருந்து படித்ததையெல்லாம் தானாக நெட்பாக்ஸுக்குள் கொட்டும் ஏற்பாட்டைச் செய்யாதீர்கள். செய்யத் தோன்றும். நெட்வொர்க் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ததை அது வைத்திருக்க வேண்டும். எப்படி இருக்கிறது என்பதைச் சாதனங்கள் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குத் தேவையான தகவல். இருப்பதையே தானாக எழுதிக்கொண்டிருந்தால் வித்தியாசம் எப்போதும் பூஜ்யமாகத்தான் வரும்.

அடுத்தது கான்ஃபிக் பேக்கப், அதாவது சாதனங்களின் அமைப்புகளைப் பிரதி எடுத்து வைப்பது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கருவி ஆக்சிடைஸ்டு அல்லது ரான்சிட், எது வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒவ்வொரு சாதனத்தின் கான்ஃபிகையும் தினமும் எடுத்து, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் போட வேண்டும். முந்தின நாளுக்கும் இன்றைக்கும் ஒரு வரி மாறியிருந்தாலும் இருவருக்கும் மின்னஞ்சல் வரட்டும். "நேற்று வரைக்கும் வேலை செய்ததே" என்று யாராவது வந்து நின்றால், எது மாறியது என்பதை அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். யாரும் சொல்லாமல் செய்த மாற்றமும் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். ஊடுருவல் நடந்து ஒரு புதுப் பயனர் கணக்கு முளைத்தாலும் அதே மின்னஞ்சலில்தான் தெரியும். பாதுகாப்புக்கென்று தனியாக வாங்கிய சில பெட்டிகளைவிட இது அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

இதில் சில பொடி விஷயங்கள் உண்டு, கவனிக்காவிட்டால் உறுத்தும். கான்ஃபிகில் ரகசியங்கள் இருக்கும். சிஸ்கோ நிறுவனச் சாதனங்களில் டைப் 7 என்று வருகிற பாஸ்வேர்டுகள் மறைத்து எழுதப்பட்டவை மட்டுமே. யார் வேண்டுமானாலும் நொடியில் திருப்பிப் படிக்கலாம். டைப் 8 அல்லது 9க்கு மாறுங்கள். எப்படியானாலும் களஞ்சியம் உங்கள் சொந்த சர்வரில் இருக்கட்டும். அப்புறம், பேக்கப்பில் எல்லாம் வந்துவிடுவதில்லை. விடிபி (விலான் பட்டியலை ஸ்விட்சுகளுக்கிடையே பகிரும் முறை) சர்வர் முறையில் ஓடும் பழைய சிஸ்கோ ஸ்விட்சுகளில் விலான் பட்டியல் தனிக் கோப்பில் இருக்கும், ஓடும் கான்ஃபிகில் வராது. எஸ்எஸ்எச் (மறையாக்கம் செய்த தொலை உள்நுழைவு) சாவியும் வராது. அதனால் உதிரியாக இருக்கும் ஒரு ஸ்விட்சில் பேக்கப்பை ஏற்றி, அது உண்மையில் எழுந்து வேலை செய்கிறதா என்று ஒரு தடவையாவது பாருங்கள். ஃபயர்வாலுக்கும் அப்படியே, சில வகைகளில் பேக்கப் கோப்பைத் திறக்கவே ஒரு கடவுச்சொல் வேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி தேவைப்படுகிற ராத்திரியில்தான் எழும்.

இனி பாதுகாப்பு. வெளியிலிருந்து வருகிறவனைத் தடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, உங்கள் ஸ்விட்ச், ரூட்டர், ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்துக்கு யாரால் போக முடியும் என்பதை. சமீப ஆண்டுகளில் அந்தக் கதவு வழியாகத்தான் நிறையப் பேர் உள்ளே போயிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளின் இணையப் பக்கத்தில் ஓர் ஓட்டை வெளியானது. தீவிர அளவுகோலில் பத்துக்குப் பத்து. பல்லாயிரம் சாதனங்களில் புதிதாக நிர்வாகிக் கணக்கு உருவாக்கப்பட்டது. அந்த இணையப் பக்கத்தை அணைத்து வைத்திருந்தவர்களுக்கும், இணையத்திலிருந்து எட்ட முடியாதபடி வைத்திருந்தவர்களுக்கும் அது ஒரு செய்தி மட்டும்தான்.

ஆகவே மறையாக்கம் இல்லாத பழைய தொலை உள்நுழைவான டெல்நெட் அணைக்கப்பட வேண்டும். எச்டிடிபி பக்கம் தேவையில்லாத இடத்தில் அணைக்கப்பட வேண்டும். எல்லாச் சாதனங்களின் நிர்வாக முகவரிகளும் தனி விலானில் இருக்க, அந்த விலானுக்குள் ஒரே ஒரு இடைக் கணினி வழியாகத்தான் போக முடியும் என்று வையுங்கள். சாதனங்களைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி நெறிமுறையின் 1, 2சி பதிப்புகள் ரகசியச் சொல்லை அப்படியே வெளிப்படையாக அனுப்புகின்றன. 3ஆம் பதிப்புக்கு மாறுங்கள். 'அட்மின்' என்ற ஒரே கணக்கை இருவரும் பகிர்ந்துகொள்வதை நிறுத்துங்கள். உள்நுழைவைச் சரிபார்க்கும் ரேடியஸ் அல்லது டக்காக்ஸ் பிளஸ் சர்வர் ஒன்று வைத்து ஆளுக்கொரு கணக்கு கொடுத்தால், யார் எப்போது உள்ளே போனார்கள் என்ற பதிவும், டக்காக்ஸ் பிளஸ் என்றால் என்ன கட்டளை கொடுத்தார்கள் என்ற பதிவும் கூடவே கிடைக்கும். அந்த சர்வர் படுத்துவிட்டால் உள்ளே போக ஒவ்வொரு சாதனத்திலும் ஓர் அவசரக் கணக்கு இருக்கட்டும். அதன் பாஸ்வேர்டு பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

விபிஎன் (வெளியிலிருந்து உங்கள் நெட்வொர்க்குக்குள் வரும் மறையாக்கப் பாதை) விஷயத்தில் பேரமே வேண்டாம், இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாய் நிறுவனம் முடங்கியது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் வழியாக. அதற்கு ஒரு பாஸ்வேர்டு மட்டும் போதுமாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சுமார் 87,000 ஃபோர்டிகேட் ஃபயர்வால் சாதனங்களின் விபிஎன் பாஸ்வேர்டுகள் வெளியே கொட்டப்பட்டன. அவற்றைக் களவாடப் பயன்பட்ட ஓட்டைக்கான திருத்தம் 2019இலேயே வந்துவிட்டது. பிரச்சினை என்னவென்றால், ஓட்டையை அடைத்தவர்களிலும் பலர் அதற்கு முன்பே களவு போயிருக்கக்கூடிய பாஸ்வேர்டுகளை மாற்றவில்லை. எல்லைச் சாதனத்தில் பெரிய ஓட்டை என்று செய்தி வந்தால் வேலை இரண்டு: திருத்தம் போடுவது ஒன்று, பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் மாற்றுவது இன்னொன்று.

இதோடு சேர்த்து, நெட்வொர்க் படுத்துவிட்டால் அதன் நிர்வாகப் பக்கத்துக்கு நீங்கள் எப்படிப் போவீர்கள் என்று யோசியுங்கள். 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஒரு ரூட்டர் கான்ஃபிகிலிருந்து ஒரு வடிகட்டியை நீக்கியதும், அளவுக்கு மீறிய ரூட்டுகள் (தரவு போக வேண்டிய வழிகளின் குறிப்புகள்) மையச் சாதனங்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை நின்றது. நிர்வாக நெட்வொர்க்கும் அதே மையத்தை நம்பி இருந்ததால் பொறியாளர்களால் சாதனங்களை எட்டவே பல மணி நேரம் ஆனது. உங்கள் அளவுக்கு இதன் தீர்வு மலிவானது. ஒவ்வோர் இடத்திலும் மையச் சாதனங்களின் கன்சோல் போர்ட்டோடு (நெட்வொர்க் இல்லாமலே உள்ளே போக உதவும் போர்ட்) இணைத்த ஒரு சின்னப் பெட்டி, அதற்கு வேறொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பு. மாதத்துக்கு ஒருமுறை அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். சிம் காலாவதியாகிக் கிடப்பது சகஜம்.

சரி, அடுத்தது நெட்வொர்க்கைப் பிரிப்பது. விலான்களாகப் பிரித்துவிட்டோம், பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். விலான்களுக்கு நடுவே ரூட்டர் எந்தத் தடையும் இல்லாமல் எல்லாவற்றையும் கடத்திக்கொண்டிருந்தால், பிரித்ததால் கிடைத்தது எல்லாக் கணினிக்கும் போகும் ஒலிபரப்புச் செய்திகள் குறைந்தது மட்டும்தான். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து 4 கோடி அட்டைகளின் விவரம் திருடப்பட்டதே, அதில் திருடர்கள் முதலில் நுழைந்தது குளிர்சாதன வேலை செய்யும் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த கணக்கு வழியாக. அங்கிருந்து பில் போடும் இயந்திரங்கள் வரை போக முடிந்தது என்பதுதான் விஷயம். நீங்கள் கேமராக்களிலும் வருகைப் பதிவு இயந்திரங்களிலும் தொடங்குங்கள். அவற்றுக்கு மென்பொருள் திருத்தம் அபூர்வமாகத்தான் வரும், பேச வேண்டிய இடமும் ஒன்றிரண்டுதான், அதனால் அவற்றை அடைப்பது சுலபம். பிறகு பிரிண்டர்கள், விருந்தினர் வைஃபை. சர்வர்களையும் பயனர்களையும் பிரிப்பதைக் கடைசியில் வையுங்கள். எது எதோடு பேசுகிறது என்று சில வாரம் பதிவெடுத்துப் பார்க்காமல் அதில் கை வைத்தால் கணக்குத் துறை உங்களைத் தேடி வரும்.

ஒரே விலானுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீம்பொருள் பரவியது அப்படித்தான்: விண்டோஸ் கோப்புப் பகிர்வின் ஓட்டை, நினைவகத்திலிருந்து உருவிய பாஸ்வேர்டுகள், இரண்டையும் வைத்துப் பக்கத்துக் கணினி, அதற்குப் பக்கத்துக் கணினி என்று ஓடியது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் பத்து நாளில் 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. பயனர் கணினிகள் ஒன்றுக்கொன்று 445ஆம் போர்ட்டில் (இது கேபிள் துளை அல்ல, கோப்புப் பகிர்வுக்கான எண்) பேசத் தேவையே இல்லை. விண்டோஸின் சொந்த ஃபயர்வாலிலேயே குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்கும் ஓரிடத்திலிருந்து அமைப்பை அனுப்பும் வசதி) மூலம் அதை மூடலாம். செலவு கிடையாது, ஒரு வார வேலை. இதைச் செய்யாமல் ஜீரோ டிரஸ்ட் (உள்ளே இருப்பவரையும் தானாக நம்பாத பாதுகாப்பு முறை) என்ற பெயரில் ஏதாவது வாங்க நிர்வாகம் கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

போர்ட்டில் செருகும் சாதனத்தின் அடையாளத்தைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடும் 802.1எக்ஸ் பற்றி ஒரு வரி: நல்லதுதான், ஆனால் முதல் ஆண்டிலேயே வேண்டாம். அதைப் பேசத் தெரியாத பிரிண்டருக்கும் கேமராவுக்கும் மேக் முகவரியைப் பார்த்து விடுவது என்று விலக்கு கொடுக்க வேண்டிவரும். மேக் முகவரியைப் போலியாக வைப்பது சின்ன வேலை. கொண்டுவருவதானால் முதலில் யாரையும் தடுக்காமல் பதிவு மட்டும் எடுக்கும் முறையில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன்பே டிஎச்சிபி ஸ்நூப்பிங்கும் (போலி டிஎச்சிபி சர்வரைத் தடுப்பது) பிபிடியு கார்டும் (போர்ட்டில் இன்னொரு ஸ்விட்சோ சுழல் இணைப்போ வந்தால் அதை மூடுவது) எல்லாப் பயனர் போர்ட்டிலும் போட்டுவிடலாம். ஒருவர் வீட்டு ரூட்டரைக் கொண்டுவந்து செருகுவது, கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகுவது ஆகிய இரண்டு வழக்கமான விபத்துகளுக்கும் அது போதும்.

இப்போது எழுதும் ஆட்டோமேஷனுக்கு வருவோம். இவ்வளவும் முடிந்திருந்தால் உங்களிடம் மூன்று இருக்கும்: இருக்க வேண்டிய நிலை, இருக்கும் நிலை, இரண்டையும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட். அந்த ஒப்பீடு தினமும் ஓடி, டெல்நெட் திறந்திருக்கும் ஸ்விட்ச், பழைய எஸ்என்எம்பி சொல் கிடக்கும் ஸ்விட்ச், தவறான விலானில் இருக்கும் போர்ட் எல்லாவற்றையும் காட்டும். ஆரம்பத்தில் பட்டியல் நீளமாக இருக்கும். அதைக் குறைப்பதற்காக எழுதுகிற மாற்றங்கள்தான் உங்கள் முதல் எழுத்து ஆட்டோமேஷன். நேர சர்வர், பதிவு சர்வர், உள்நுழைவு அறிவிப்பு போன்றவற்றில் தொடங்குங்கள். தவறிப்போனாலும் யாருடைய இணைப்பும் அறுந்துவிடாது. ஒரு ஸ்விட்சில் போட்டு, மறுநாள் ஐந்தில் போட்டு, பிறகு மீதியில் போடுங்கள். ஆன்சிபிளில் ஒரே நேரத்தில் எத்தனை சாதனம் என்று கட்டுப்படுத்தலாம். உண்மையில் மாற்றாமல் என்ன மாறும் என்று மட்டும் காட்டச் சொல்லலாம். பின்னதை முழுதாக நம்பிவிடாதீர்கள், நெட்வொர்க் சாதனங்களில் அந்த ஒத்திகை எப்போதும் அச்சாக அப்படியே நடப்பதில்லை.

கையால் செய்யும்போது இருந்த பள்ளங்கள் ஸ்கிரிப்டிலும் இருக்கும், ஆழம்தான் கூடும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: சிஸ்கோவில் பல விலான்களைச் சேர்த்துக் கடத்தும் ட்ரங்க் போர்ட்டில் ஒரு விலானைக் கூடுதலாக அனுமதிக்கும்போது 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் முழுவதும் போய்ப் புதியது மட்டும் நிற்கும். ஒரு ஸ்விட்சில் அப்படி ஆனால் ஒரு மாடி போகும். நாற்பதில் ஆனால், திருத்தப் போகும் வழியும் சேர்ந்து போகும். அதனால் மாற்றம் தானாகத் திரும்பிவிடும் ஏற்பாடு இல்லாமல் இணைப்பைத் தொடும் எதையும் அனுப்பாதீர்கள். ஜூனிப்பர் நிறுவனச் சாதனங்களில் 'கமிட் கன்ஃபர்ம்டு' என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே போய்விடும். சிஸ்கோவில் பத்து நிமிடத்தில் ரீலோடு (மறுதொடக்கம்) ஆகும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றத்தைச் செய்யலாம். எல்லாம் சரியென்று பார்த்த பிறகு ரீலோடை ரத்து செய்துவிட்டு அப்புறம் சேமிக்க வேண்டும். வரிசை மாறி முதலில் சேமித்துவிட்டால், ரீலோடு ஆகி எழுந்தாலும் அதே தவறோடுதான் எழும்.

காவலுக்கு ஒரு நிரல் இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே காணாமல் போனது, பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால். அப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்கத் தணிக்கை நிரல் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதிலேயே பிழை இருந்ததால் தடுக்கவில்லை. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி. ஆகவே மைய ரூட்டிங், ஸ்பானிங் ட்ரீயின் (சுழல் இணைப்புகளைத் தடுக்கும் நெறிமுறை) வேர் ஸ்விட்ச், ஃபயர்வாலின் நிர்வாகப் பக்க அமைப்பு ஆகிய மூன்றையும் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருங்கள். ஆண்டுக்குச் சில தடவைதான் மாறும். மிச்சமாகும் நேரம் சொற்பம், போனால் போவது முழு நெட்வொர்க். இதற்கு நேர்மாறாக, பயனர் போர்ட்டின் விலானை மாற்றுவது தினமும் வரும் வேலை, விளைவு ஒரே மேசை. அதை ஒரு சின்னப் படிவமாக்கி உதவி மேசைக்கே கொடுத்துவிடலாம். மற்ற ஸ்விட்சுகளோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட்டை அந்தப் படிவம் தொடவே முடியாதபடி ஸ்கிரிப்டில் தடை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டோமேஷன் ஓடும் சர்வரையும் மறக்க வேண்டாம். அது இப்போது உங்கள் நிறுவனத்தின் கொத்துச்சாவி. 2020 டிசம்பரில் வெளியான சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் தாக்கியவர்கள் குறிவைத்தது ஒரு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளைத்தான். நஞ்சு கலந்த அப்டேட் 18,000 வரையிலான வாடிக்கையாளர்களுக்குப் போனது. மேலாண்மை சர்வருக்கு எல்லா இடத்துக்கும் வழி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். படிக்க ஒரு கணக்கு, எழுத வேறொரு கணக்கு என்று வையுங்கள். தினசரி பேக்கப்பும் ஒப்பீடும் படிக்கும் கணக்கில் மட்டும் ஓடட்டும். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள். ஒருமுறை கிட்டில் ஏறிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும். அந்த சர்வரிலிருந்து இணையத்துக்குத் தேவையான ஒன்றிரண்டு முகவரிகளைத் தவிர வேறெங்கும் போக விடாதீர்கள்.

கண்காணிப்பில் உங்களுக்கு ஏற்கெனவே ஜாபிக்ஸ் இருப்பதாகச் சொன்னீர்கள், அதுவே போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் சராசரியில் சில நொடி நெரிசல் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பயனர் மெதுவாக இருக்கிறது என்று சொல்லும்போது வரைபடம் சமமாக இருந்தால், போர்ட்டில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். டிஜிட்டல் சான்றிதழ் (சர்வரின் அடையாளத்தை உறுதி செய்வது) காலாவதியாவதையும் கண்காணிப்பில் சேருங்கள். 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனின் ஓ2 மொபைல் சேவை நாள் முழுக்கத் திணறியதற்குக் காரணம், எரிக்சன் மென்பொருளில் காலாவதியான ஒரு சான்றிதழ். பொதுவில் செல்லும் இணையச் சான்றிதழ்களின் ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 47 நாள் ஆகப்போகிறது. விபிஎன், இணையதளம், வைஃபை நுழைவுப் பக்கம் என்று எங்கெல்லாம் அவை இருக்கின்றனவோ அங்கெல்லாம் புதுப்பித்தல் தானாக நடக்க வேண்டும். இதில் கையால் செய்வது என்ற தேர்வே இனி இல்லை. மென்பொருள் திருத்தங்களில் எதை முதலில் போடுவது என்று திணறினால், அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து வெளியிடும், உண்மையில் தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகளின் பட்டியலைப் பாருங்கள். அதில் இருப்பதும் உங்கள் எல்லையில் இருப்பதும் ஒன்றானால் அது இந்த வார வேலை.

கடைசியாகக் கருவி. 2002இல் இணையக் கட்டமைப்பு வாரியம் நெட்வொர்க் நடத்துகிறவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டது. எஸ்என்எம்பியைக் கண்காணிக்கத்தான் பயன்படுத்துகிறோம், கான்ஃபிக் செய்ய அதைத் தொடுவதில்லை என்றார்கள். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக 2006இல், கான்ஃபிக் செய்வதற்கென்றே நெட்கான்ஃப் என்ற நெறிமுறை வந்தது. இன்றைக்கு உங்கள் சாதனங்களில் பாதியாவது அதைப் பேசும்; மீதிக்கு எஸ்எஸ்எச் வழியே போய்க் கட்டளை கொடுத்து வருகிற எழுத்தைப் பிரித்துப் படிப்பதுதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படிக்கும் வேலைக்குப் பைதானும், எஸ்எஸ்எச் வழியே சாதனங்களோடு பேசும் அதன் நூலகமான நெட்மிகோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் வேலைக்கு ஆன்சிபிள் வசதி, சாதனத்தில் எதையும் நிறுவத் தேவையில்லை, இரண்டாம் ஆளும் சீக்கிரம் படித்துப் புரிந்துகொள்வார். ஆன்சிபிள் கோப்புக்குள் நிபந்தனைக்குள் நிபந்தனை, சுழற்சிக்குள் சுழற்சி என்று எழுத நேர்ந்தால் அந்தப் பகுதியை மட்டும் பைதானுக்குக் கொண்டுபோய்விடுங்கள். இரண்டில் எதையும் முழுதாகக் கற்று முடித்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன நான்கு அட்டவணை ஸ்கிரிப்டை எழுதும் அளவுக்குத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

கன்ட்ரோலர் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. அறுபது ஆக்சஸ் பாயின்டும் ஒரே நிறுவனத்துடையது என்றால் வயர்லெஸ்ஸுக்கு அது அநேகமாகத் தேவைப்படும். ஸ்விட்சுகள் இரண்டு மூன்று நிறுவனங்களுடையவையாக இருந்தால், ஒன்றை மட்டும் ஆளும் கன்ட்ரோலர் உங்கள் வேலையில் ஒரு பகுதியைத்தான் குறைக்கும். விற்க வருகிறவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். உரிமக் காலம் முடிந்த மறுநாள் ஸ்விட்ச் பாக்கெட்டைக் கடத்துமா, நிற்குமா? கிளவுட் இணைப்பு அறுந்தால் சாதனத்தை உள்ளிருந்தே மாற்ற முடியுமா? முழு கான்ஃபிகையும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கலாமா? திரையில் செய்ய முடிகிற எல்லாவற்றையும் ஏபிஐ (நிரலிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலமாகவும் செய்ய முடியுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.